பொட்டு சிவக்க வேண்டும்

காலை ஏழு மணிக்குள் பிரகாசி மூன்று விரல்களை உடைத்து முடித்திருந்தாள். மூன்றும் இடது கைச் சுண்டுவிரல்கள். நான்காவதாக வந்து உட்கார்ந்தவர் உப்பளத்து மேஸ்திரி பேச்சிமுத்து. ஆறடி உயரம், கடப்பாரை பிடித்துக் காய்த்த கை. அந்தக் கையை மரக்கட்டை மேல் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

“கண்ண மூடுங்க அண்ணாச்சி.”

“மூடினா எப்ப விழும்னு தெரியாதே, தாயி.”

“தெரிஞ்சா கைய இழுத்துருவீங்க. துண்ட நல்லாக் கடிச்சுக்கிடுங்க. அடி ஒதவுற மாதிரி அண்ணன் தம்பி கூட ஒதவ...”

மாட்டான் என்று முடிப்பதற்குள் புளியங்கட்டைச் சுத்தியல் இறங்கிவிட்டது. பச்சைக் குச்சி முறிகிற சத்தம். துண்டையும் மீறி வந்த அலறல் கொட்டகைத் தகரத்தில் மோதித் திரும்பியது. பிரகாசி விரலைப் பார்க்கவில்லை, அவர் நெற்றியைத்தான் பார்த்தாள். புருவங்களுக்கு நடுவே, தோலுக்கு அடியில் மஞ்சளாக மினுங்கிக்கொண்டிருந்த பொட்டு முதலில் காவி நிறமாகி, பிறகு சிவந்தது. அடர்ந்த சிவப்பு என்று சொல்ல முடியாது. உப்பளத்துக் கை அல்லவா, மரத்துப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

“அண்ணிய வண்டிய எடுக்கச் சொல்லுங்க. ஓடுங்க! கால் மணி நேரம் செவப்பு நிக்கணும். வழியில தண்ணி கூடக் குடிக்கக் கூடாது.”

பேச்சிமுத்துவின் மனைவி அவரை மின்வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு வலி நிலையத்தை நோக்கிப் பறந்தாள். பிரகாசி சுத்தியலைக் கழுவிக் கவிழ்த்தாள். இவ்வளவுதான் அவள் தொழில். கேட்டால் கொடுமையாக இருக்கும். ஆனால் புதுத்துறையில் அவளைக் கையெடுத்துக் கும்பிடாதவர்கள் குறைவு.

கடல் ஏறி வந்து பழைய ஊரில் பாதியை விழுங்கிய பிறகு மேட்டில் எழுந்த ஊர் புதுத்துறை. அங்கே பிறக்கிற குழந்தைக்கு மூன்றாம் நாள் நெற்றியில் வலிப்பொட்டு பதிப்பார்கள். அரிசி அளவு சில்லு. உடம்பில் வலி இல்லையென்றால் பச்சை, இருந்தால் மஞ்சள், தாங்க முடியாத வலியென்றால் சிவப்பு. முன்பொரு காலத்தில் தலைவலி என்று சொன்னவர்களுக்கெல்லாம் ஸ்கேன் எடுத்தார்களாம். வரிசை வருடக்கணக்கில் நீண்டதாம். உடனே சட்டம் வந்தது. வாய் பொய் சொல்லும், நரம்பு சொல்லாது. சிவப்புப் பொட்டுக்குத்தான் வலி நிலையத்து ஸ்கேன் இயந்திரமான ‘தலைநோக்கி’யின் கதவு திறக்கும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று நம் முன்னோர் சொன்னதை, தனக்கு வந்தாலும் தெரியாது, பொட்டுக்குத்தான் தெரியும் என்று திருத்திவிட்டார்கள்.

சங்கடம் என்னவென்றால், மாதக்கணக்காகத் தலைவலிக்கிறவர்களின் பொட்டு மஞ்சளைத் தாண்டுவதே இல்லை. மஞ்சளோடு நிலையத்துக்குப் போனால் மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். மஞ்சளாகவே இருந்து மஞ்சளாகவே செத்தவர்கள் தெருவுக்கு ஒருவர் உண்டு. அப்போதுதான் யாரோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்தான்: பொட்டுக்கு வலி எவ்வளவு என்றுதான் தெரியும், எங்கே என்று தெரியாது. விரல் உடைந்தாலும் பொட்டு சிவக்கும். சிவந்தால் கதவு திறக்கும். உள்ளே போனால் இயந்திரம் தலையைத்தான் பார்க்கும்.

பிரகாசி எலும்பு வார்டில் பன்னிரண்டு வருஷம் ஆயாவாக இருந்தவள். எலும்பு கட்டும் வேலைக்கு இயந்திரக் கைகள் வந்ததும் வார்டு அவளை வெளியே அனுப்பியது. எங்கே அடித்தால் சுத்தமாக முறியும், எப்படிக் கட்டினால் ஒரு மாதத்தில் சேரும் என்பதெல்லாம் அவள் கைக்குத் தெரியும். முந்நூறு பேருக்கு மேல் உடைத்தாகிவிட்டது. புதுத்துறையில் இப்போது மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் முதலில் இடது கையைத்தான் பார்க்கிறார்கள். சுண்டுவிரல் கோணியிருந்தால், “தலையில என்ன இருந்துச்சு?” என்று கேட்கிறார்கள்.

அந்த முந்நூறில் பதினோரு பேர் தலையில்தான் ஏதாவது இருந்தது. மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. அதுதான் பிரகாசியைக் கெடுத்தது.

கொட்டகைப் படியில் அவள் புருஷன் கஸ்பார் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டுகிறவன். எண்பதடி உயரக் கூண்டில் உட்கார்ந்து சரக்குப் பெட்டகங்களைக் கப்பலில் இறக்குவான். பத்து மாதமாக விடிந்தால் தலைவலி. எழுந்ததும் வாந்தி. வாந்தி எடுத்துவிட்டால் கொஞ்சம் தெளிவான். மூன்று முறை நிலையத்துக்குப் போய் மாத்திரையோடு திரும்பியிருந்தான். நெற்றியில் மஞ்சள்.

“ஏட்டி, எனக்கும் ஒரு அடி போடேன்,” என்றான். பாதி கேலி.

“ஒங்களுக்கு ஒண்ணுமில்ல. நான் பாக்காத தலவலியா? சுக்குக் காப்பி வச்சிருக்கேன், குடிச்சிட்டுக் கெளம்புங்க.”

இதையே அவள் பத்து மாதமாகச் சொல்லி வந்தாள். நாலு மாதம் முன்பு ஒரு நாள் அவன் நிலைப்படியில் இடித்துக்கொண்டு, “வாசல் ரெண்டாத் தெரியுதுட்டி,” என்றபோது, “தூக்கம் பத்தல,” என்றாள். ஊரார் தலைவலியை நம்பி விரல் உடைத்தவள், வீட்டுத் தலைவலியை நம்பவில்லை. இன்னொன்றும் உண்டு. அந்தக் கையைக் கட்டை மேல் வைத்துச் சுத்தியலை ஓங்க அவளுக்கு மனசு வரவில்லை. ஒன்றுமில்லை என்று நினைப்பது அதைவிடச் சுலபமாக இருந்தது. கஸ்பார் காப்பியைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனான்.

பதினோரு மணிக்கு அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

கூண்டிலிருந்து பார்த்தபோது அவனுக்கு இரண்டு கப்பல் தெரிந்திருக்கிறது. இல்லாத கப்பலில் பெட்டகத்தை இறக்கினான். கீழே நின்ற கூலியாள் ஒருவரின் இரண்டு கால்களும் முழங்கால் வரை கூழாகிவிட்டன. கூட வேலை பார்த்தவர்கள் கஸ்பார் குடித்திருக்கிறான் என்று நினைத்தார்கள். கூண்டிலிருந்து இழுத்துப் போட்டு, இரும்புக் கொக்கியாலும் பூட்ஸ் காலாலும் அடித்திருக்கிறார்கள். மூக்கு உடைந்து, முன்பற்கள் இரண்டு போய், விலா எலும்பு உள்ளே குத்தி, மூச்சுக்கு ஒரு முறை ரத்தம் துப்பினான். தூக்கி வந்தவர்கள் படியில் போட்டுவிட்டு, வாசலில் காறித் துப்பிவிட்டுப் போனார்கள்.

பிரகாசி ஓவென்று கத்தினாள். தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ரத்தத்தைத் துடைத்தாள். துடைத்த கை நெற்றியில் நின்றது. முந்நூறு நெற்றிகளைப் பார்த்த கண் அவளுடையது. இவ்வளவு அடி வாங்கிய மனுஷனின் பொட்டு எரிதழலாகச் சிவந்திருக்க வேண்டும்.

அது மஞ்சளாக இருந்தது.

“ரெண்டு கப்பலு தெரிஞ்சுதுட்டி,” என்றான் கஸ்பார். “சத்தியமாக் குடிக்கல. குனிஞ்சா நிமிந்தா கண்ணு இருட்டிருது. நாலு மாசமா.”

“நாலு மாசமாவா? ஏன் சொல்லல?”

“சொன்னனே. நீதான் தூக்கம் பத்தலன்ன.”

தலையில் கட்டி இருந்த அந்தப் பதினோரு பேரும் சொன்னது இதைத்தான். விடிகாலை வலி, வாந்தி, இரண்டிரண்டாகத் தெரிவது, குனிந்தால் இருட்டு. கொட்டகையில் உட்கார்ந்து கதை கதையாகச் சொல்லியிருந்தார்கள். கேட்டு மண்டையை ஆட்டியவளும் அவள்தான்.

அவனை இழுத்துக்கொண்டு போய்க் கட்டைக்கு முன்னால் உட்கார வைத்தாள். துண்டு கொடுக்கவில்லை. கண்ணை மூடச் சொல்லவில்லை. சுத்தியல் இறங்கியது. பொட்டு சிவந்தது. இரண்டு மூச்சு நேரம் நின்றது. மறுபடி மஞ்சள்.

“அடக் கடவுளே.”

மோதிர விரல். சிவந்தது, ஒரு மூச்சில் வெளுத்தது. அவளுக்கு வெறி பிடித்துவிட்டது. நடுவிரலையும் உடைத்தாள். கஸ்பார் அலறக்கூடத் தெம்பில்லாமல் கட்டை மேல் நெற்றியை வைத்துக்கொண்டான். பொட்டு இந்த முறை காவி நிறத்தைக்கூடத் தொடவில்லை.

“விடாதட்டி,” என்று முனகினான். “இன்னொண்ணு போடு.”

பிரகாசி அடிக்கவில்லை. சுத்தியலைச் சேலைக்குள் இடுப்பில் செருகிக்கொண்டு, அவனை வண்டியில் ஏற்றினாள்.

வலி நிலையத்தின் பொறுப்பாளர் டாக்டர் நீலமேகம். நாற்பது வயது. சாந்தமான முகம், சுத்தமான சட்டை, நெற்றியில் கிளிப்பச்சைப் பொட்டு. கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. கஸ்பாரை உட்கார வைத்து, மூக்கில் பஞ்சு வைத்து, விலாவுக்கும் விரல்களுக்கும் கட்டுப் போட்டார். பிறகு திரையைத் திருப்பிக் காட்டினார்.

“காயவலி கழிக்கப்பட்டது. மீதம்: இயல்பு. இத பாருங்கம்மா, பொட்டப் படிக்கிற கணிப்பான் சொல்லுது. நான் என்ன செய்ய?”

“இயல்புன்னா என்ன சார்?”

“ஒவ்வொருத்தர் உடம்புக்கும் ஒரு வழக்கம் இருக்குல்ல. பொட்டு அத மூணு வாரத்துக்கு ஒரு தடவ படிச்சுக்கும். அதுக்கு மேல எவ்வளவு ஏறுதுன்னு பாத்துத்தான் செவக்கும். ஒங்க வீட்டுக்காரருக்குப் பத்து மாசமா கொஞ்சம் கொஞ்சமா ஏறியிருக்கு. ஏற ஏற, அதுவே அவருக்கு வழக்கமாயிருச்சு.”

“அப்ப மெதுவா வளர்ற வலி கணக்குலயே வராதா?”

“வராது,” என்றார் டாக்டர். இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

“காயவலியக் கழிச்சாச்சுன்னா என்ன சார்?”

“அது இன்னைக்குக் காலைலதான் வந்துச்சு. இந்த ஊர்ல யாரோ வெரல உடைச்சு விடுறாங்கம்மா. எடது கை, சுண்டுவெரல், ஒரே கோணம், ஒரே வேகம். முந்நூறு தடவைக்கு மேல. கணிப்பான் அத நல்லாப் படிச்சுக்கிட்டது. இனி மஞ்சப் பொட்டுக்காரங்க எந்தக் காயத்தோட வந்தாலும் கழிச்சு, செவப்ப அணைச்சிரும். வந்த நாலு பேரயும் திருப்பி அனுப்பினோம். உப்பளத்து ஆளு ஒருத்தர் அழுதுட்டே போனாரு.”

பிரகாசியின் கை சுத்தம்தான் அவளைக் காட்டிக் கொடுத்திருக்கிறது. ஒரே கோணம், ஒரே வேகம். அரைகுறையாக அடிக்கத் தெரிந்த யாரோ உடைத்திருந்தால் இயந்திரம் குழம்பியிருக்கும். முந்நூறு பேருக்குக் கதவு திறந்தவள், முந்நூற்றுச் சொச்சம் அடியில் அந்தக் கதவுக்குப் பாடம் நடத்தி, தன் புருஷன் வரும் நேரத்தில் பூட்டியும் விட்டாள். பக்கத்து நாற்காலியில் கஸ்பார் வாந்தி எடுத்தான். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை.

“சார்,” என்றாள் பிரகாசி. குரல் அடங்கியிருந்தது. “பச்சப் பொட்டுக்காரங்க காயத்தோட வந்தா? அதையும் கழிக்குமா?”

“பச்சைக்கு எதுக்கும்மா? அவங்க யாரும் வெரல உடைச்சுக்கிட்டு வந்ததில்லயே.” டாக்டர் லேசாகச் சிரித்தார். அவருடைய இடது கை மேஜை மேல் விரிந்து கிடந்தது.

சேலைக்குள்ளிருந்து சுத்தியல் வந்ததை அவர் பார்க்கவே இல்லை. ஒரே அடி. வாழ்நாளில் கதவிடுக்கில்கூடக் கை நசுங்காத மனிதர். அவர் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள் காதைப் பொத்தினார்கள். நெற்றிப் பொட்டு செம்பருத்தியாகச் சிவந்தது. வெளுக்கவில்லை.

கால் மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அந்த விதி மஞ்சளுக்கு மட்டும்தான் போலிருக்கிறது. உள்ளே இருந்து இனிமையான பெண் குரல் கேட்டது: “வணக்கம், நீலமேகம். உங்களுக்குக் கடுமையான வலி. பயப்படாதீர்கள். வந்து படுத்துக்கொள்ளுங்கள்.” தலைநோக்கி அறையின் கதவு வழுக்கிக்கொண்டு திறந்தது. வாசலில் காவலுக்கு நின்ற இயந்திரக் கை அவர்களைத் தடுக்க எழுந்து, அவருடைய சிவப்பைக் கண்டு பணிவாக மடங்கிக்கொண்டது. சிவப்பை யாரும் தடுக்கக் கூடாது. சட்டம்.

பிரகாசி ஒரு கையால் டாக்டரின் சட்டைக் காலரையும், மறுகையால் கஸ்பாரின் அக்குளையும் பிடித்து இழுத்தாள். டாக்டர் திமிறினார். சுவரோடு மோதித் தள்ளினாள். கட்டிலில் கஸ்பாரைக் கிடத்தினாள். வளையம் அவன் தலையைச் சுற்றியது.

திரையில் மூளை தெரிந்தது. பின்பக்கத்தில் ஓர் எலுமிச்சம்பழம். மூளை நீர் வடிகிற வழியை அடைத்துக்கொண்டு, உள்ளே அழுத்தம் ஏறி, எல்லாம் மண்டை ஓட்டோடு நசுங்கிக் கிடந்தது. டாக்டர் தொங்கிய விரலை மார்போடு அணைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

“இது... இது மஞ்சளா இருந்துச்சே,” என்றார்.

“பத்து மாசம் சார். மூணு தடவ இங்க வந்தாரு. மூணு தடவையும் மாத்திர குடுத்து அனுப்புனீங்க.”

குரல் மறுபடி கேட்டது. “நீலமேகம், உங்கள் மூளையில் கட்டி உள்ளது. உடனே அறுவை செய்ய வேண்டும். கைரேகை வைத்து ஒப்புதல் தாருங்கள்.”

டாக்டர் வலது கையை நீட்டினார். எச்சரிக்கை மணியை அழுத்தப் போகிறார் என்று நினைத்தாள் பிரகாசி. மறுபடி அடித்தாள். இரண்டு விரல்கள் ஒன்றாக முறிந்தன. அவர் சுருண்டு விழுந்து, தவழ்ந்து, மறுபடி அதே கையைத் தூக்கினார். முறியாத கட்டை விரலை ஒப்புதல் பலகை மேல் வைத்தார். அவர் முதலிலேயே அதற்குத்தான் கையை நீட்டியிருக்கிறார்.

முதல் அடிக்காகப் பிரகாசி ஒரு நாளும் வருந்தியதில்லை. இந்த இரண்டாவது அடியை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குச் சோறு இறங்குவதில்லை.

அறுவை ஐந்து மணி நேரம் நடந்தது. டாக்டர் நீலமேகத்தின் பெயரில் கஸ்பார் பிழைத்தான். மூன்றாம் நாள், இரண்டு கைகளிலும் மாவுக்கட்டோடு டாக்டரே வந்து சொன்னார்.

“உயிருக்கு ஒண்ணுமில்ல. கண்ணுதான்... அழுத்தத்துல நரம்பு செத்துப்போச்சு. நாலு மாசம் முந்திப் பாத்திருந்தா பார்வ நின்னிருக்கும்.”

நாலு மாசம். வாசல் இரண்டாகத் தெரிந்த நாள். பிரகாசி டாக்டரைத் திட்டவில்லை. திட்டுவதற்கு ஆள் தேடி ஊரெல்லாம் அலைய வேண்டியதில்லை, கண்ணாடி பார்த்தால் போதும்.

“போலீசுல சொல்லலியா சார்?”

“என்னன்னு சொல்ல? கட்டி என் தலையில இருந்துச்சுன்னு நான்தான ரேக வச்சேன்.” கட்டுப் போட்ட கைகளைப் பார்த்துக்கொண்டார். “இவ்வளவு வலிக்கும்னு எனக்குத் தெரியாதும்மா.”

வீட்டுக்கு வந்ததும் பிரகாசி சுத்தியலைத் துணியில் சுற்றிப் பரண் மேல் போட்டாள். இனி உடைத்தும் பயனில்லை, உடைக்கவும் மாட்டாள். கஸ்பார் மறுபடி படியில் உட்காரத் தொடங்கினான். தலைவலி இல்லை. நெற்றியில் அழகான பச்சை. அவனால்தான் அதைப் பார்க்க முடியவில்லை. சுக்குக் காப்பியை இரண்டு கைகளாலும் தடவி வாங்கிக்கொண்டு, “ஏட்டி, இன்னைக்கு வெயிலா மேகமா?” என்று கேட்பான். அவள் உள்ளே போய் அழுதுவிட்டு வந்து பதில் சொல்வாள்.

மூன்றாவது வாரம் ஒரு காலை, கொட்டகைக்கு வெளியே சலசலப்பு கேட்டது. பிரகாசி கதவைத் திறந்தாள்.

வாசலில் ஒரு வரிசை நின்றது. நிலையத்தில் அன்று நடந்ததைப் பார்த்தவர்கள் ஊருக்குச் சொல்லாமல் இருப்பார்களா? முதலில் பேச்சிமுத்து. சுண்டுவிரலில் இன்னும் அவிழ்க்காத கட்டு, நெற்றியில் மஞ்சள். அவர் தன் கையை நீட்டவில்லை. அந்தக் கையில் ஒரு கயிறு இருந்தது. கயிற்றின் மறுமுனையில் உப்புக் கம்பெனியின் இளம் மேலாளர், மணிக்கட்டுகள் கட்டப்பட்டு, உதடு கிழிந்து, முகமெல்லாம் கண்ணீராக நின்றான். நெற்றியில் கிளிப்பச்சை. அவனுக்குப் பின்னால் ஒரு வேலைக்காரப் பெண், தன் எஜமானியம்மாளின் தலைமுடியைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் பின்னால் இன்னும் பலர். ஒவ்வொரு மஞ்சளின் பிடியிலும் ஒரு பச்சை.

“அக்கா, நான் என்னக்கா செஞ்சேன்?” என்றான் மேலாளர். “இவரு தலவலிக்கு நான் என்னக்கா செய்வேன்?”

அவன் ஒன்றும் செய்யவில்லை. அது பிரகாசிக்குத் தெரியும். கதவைச் சாத்திவிடலாம் என்று கையை வைத்தாள்.

“தாயி,” என்று பேச்சிமுத்து முன்னால் வந்தார். வாசலுக்கு ஓரடி தள்ளியிருந்த தகரத்தில் நேராகப் போய் முட்டிக்கொண்டு நின்றார். தடவித் தடவி நிலையைக் கண்டுபிடித்தார். “வாசலு ரெண்டாத் தெரியுது தாயி.”

பிரகாசியின் கை கதவிலிருந்து கீழே விழுந்தது.

“யாருட்டி வந்திருக்கா?” என்று உள்ளேயிருந்து கேட்டான் கஸ்பார்.

“எல்லாம் தலவலிக்காரங்கதான்.”

“பாவம். காக்க வைக்காத. சீக்கிரம் பாத்து அனுப்பு.”

அவள் பரணிலிருந்து சுத்தியலை எடுத்தாள். துணியை அவிழ்த்தாள். பேச்சிமுத்து கயிற்றை இழுத்து அந்தப் பையனின் கையைக் கட்டை மேல் வைத்து அழுத்திப் பிடித்தார். வெயில் படாத கை, நகங்கள் ஒழுங்காக வெட்டியிருந்தன. துண்டைச் சுருட்டி அவன் வாயில் கொடுத்தாள்.

“கண்ண மூடுங்க தம்பி,” என்றாள்.